அண்டை விண்மீனின் கோள்

1689ஆம் ஆண்டு, புதுச்சேரியில் வால்மீன் ஒன்றை நோக்கிக்கொண்டிருந்த ரிஷோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், தென்வானத்து ஆல்ஃபா சென்டாரி ஒரு விண்மீன் அன்று, இரண்டு எனக் கண்டறிந்தார். மூன்றாவதைக் காண மேலும் 226 ஆண்டுகள் சென்றன. 1915இல் ஜோகன்னஸ்பர்க் வானாய்வுக்கூடத்து இன்னஸ், அவ்விரண்டோடும் ஒருங்கே நகரும் மங்கிய செங்குறு விண்மீன் ஒன்றைக் கண்டார். கண்ணுக்குப் புலனாகாத அதுவே கதிரவனுக்கு மிக அண்மையது; தொலைவு 4.24 ஒளியாண்டு. பிராக்சிமா என்பது அதன் பெயர்.

2016இல் சிலி நாட்டு லா சியா மலையிலிருந்து அதன் ஒளியை ஆராய்ந்த அறிஞர்கள், 11.2 நாளுக்கு ஒரு முறை அது மனிதன் நடக்கும் வேகத்தில் நம்மை நெருங்கி விலகுவதை அளந்தனர். பூமியை ஒத்த எடையுள்ள கோள் ஒன்று அதனை ஈர்த்து அசைக்கிறது! நீர் நீராகவே நிற்கத்தக்க தொலைவில் அக்கோள் சுற்றுகிறது. எனினும், அவ்விண்மீன் அடிக்கடி உமிழும் தீச்சுடர்கள் கோளின் காற்றையே பறித்திருக்கவும் கூடும். வாழத்தக்க இடம் வேறு. உயிர் வாழும் இடம் வேறு.

நான் ஆசிரியப் பணி ஏற்ற 1980களில், "பிற விண்மீன்களுக்குக் கோள்கள் உண்டா, ஐயா?" என்று வினவிய மாணவனுக்கு, "அறியோம்" என்றே விடை கூறினேன். அவ்விடை இன்று பொய்த்தது, மகிழ்கிறேன். "அங்கே உயிர் உண்டா?" என்பார்க்கு இன்றும் "அறியோம்" என்பதே விடை. அதனையும் மாற்றுவது உங்கள் தலைமுறையின் கடன்.