கரைந்து போகும் ஸ்டென்ட்: மக்னீசியத்தை மெல்லிய குழாயாக்குவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட், ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கும் உலோக வலை. ஆனால், ரத்தக்குழாய்க்கு அந்த முட்டு தேவைப்படுவது முதல் சில மாதங்களுக்குத்தான். வேலை முடிந்ததும் அது தானாகக் கரைந்துவிட்டால்? அதற்காக உருவானதுதான் மக்னீசியம் ஸ்டென்ட்.

ஏன் மக்னீசியம்?

கீரையிலும் பருப்பிலும் இருக்கும் அதே தாது. பெரியவர்களுக்குத் தினமும் 300 முதல் 400 மில்லிகிராம் வரை தேவை. ஸ்டென்ட்டில் இருப்பதோ சில மில்லிகிராம்தான். உடல் அதை எளிதாகச் சமாளித்துவிடும்.

அப்போ என்ன சிக்கல்?

கரையும் வேகம். 2007-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், 63 பேருக்கு மக்னீசியம் ஸ்டென்ட் வைத்தார்கள். பாதுகாப்பாகவே கரைந்தது. ஆனால், பிடிமானம் சீக்கிரமே போய்விட்டதால் ரத்தக்குழாய் மறுபடி சுருங்கியது. ஓராண்டுக்குள் சுமார் 45 சதவீதம் பேருக்கு மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டது.

குழாய் எப்படித் தயாராகிறது?

சுமார் 2 மி.மீ. விட்டமுள்ள குழாயை லேசரால் வலைபோல வெட்டினால் அதுதான் ஸ்டென்ட். மக்னீசியத்தில் அணு அடுக்குகள் சாதாரண வெப்பத்தில் சில திசைகளில் மட்டுமே எளிதாக நழுவும். ஸ்டீலைப் போல இழுத்தால் விரிசல் விடும்.

அதனால் முதலில் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, முறுக்கு பிழிவதுபோல அச்சு வழியே பிதுக்குகிறார்கள். பிறகு, சிறிய துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மெலிதாக்குகிறார்கள். இழுக்க இழுக்க உலோகம் இறுகும். தளர்த்த மறுபடி சூடாக்க வேண்டும். சூடு கூடினால் உள்ளிருக்கும் படிகத் துகள்கள் பெருத்து, வலிமை குறையும்.

ஏன் இவ்வளவு துல்லியம்?

150 மைக்ரான் சுவரில், ஒரு பக்கம் 15 மைக்ரான் குறைந்தாலே 10 சதவீத வித்தியாசம். மெலிந்த பக்கம் முதலில் கரைந்து உடையலாம். கருவியிலிருந்து இரும்புத் துணுக்கு ஒட்டினாலும் அங்கே அரிப்பு வேகமெடுக்கும். ஆகவே, மேற்பரப்பைச் சுத்தமாக்கி மெருகேற்றுவதும் முக்கியம்.

இப்போது என்ன நிலை?

பயோட்ரோனிக் நிறுவனத்தின் மேக்மாரிஸ் ஸ்டென்ட் 2016-ல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. அதன் கம்பித் தடிமன் 150 மைக்ரான். இன்றைய நிரந்தர ஸ்டென்ட்கள் பலவற்றில் இது 100 மைக்ரானுக்கும் கீழே. மக்னீசியம் வலிமை குறைந்த உலோகம் என்பதால், தடிமனைச் சட்டென்று குறைக்க முடியாது. மெலிதாகவும் இருக்கணும், தேவையான மாதங்கள் வரை தாங்கவும் செய்யணும். அதற்கான விடை, சீரான குழாயை இழுத்தெடுக்கும் பட்டறையில்தான் தொடங்குகிறது.