பழவேற்காடு: துணியில் தங்கிய பெயர்

சென்னைக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் பழவேற்காட்டை இன்று மீனவக் குப்பங்கள் சூழ்ந்த ஊராகவே அறிகிறோம். இறாலும் நண்டும் மடவையும் கரையேறும் இவ்வூர், பதினேழாம் நூற்றாண்டில் தொழிலும் வாணிகமும் மிகுந்த நகரமாக விளங்கியது.

1613இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கோட்டை எழுப்பி, தங்கள் நாட்டு மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரால் அதற்குக் கெல்ட்ரியா எனப் பெயரிட்டது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு வாணிகம் இங்கிருந்தே நடந்தது. நாணயச்சாலையும் வெடிமருந்து ஆலையும் இருந்தன. ஆயினும் அவர்களை இங்கே நிலைநிறுத்தியது துணிதான். கிராம்பும் சாதிக்காயும் விளையும் கீழைத் தீவுகளில் சோழமண்டலத் துணிக்கே மதிப்பு. துணி கொடுத்துத்தான் வாசனைப் பொருள்களை வாங்க முடிந்தது. சுற்றுவட்டார நெசவாளர்கள் வணிகர் வழியாக முன்பணம் பெற்று நெய்தார்கள். ஆழ்கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே உள்ளூர்ப் படகுகள் ஓடின.

அதே கப்பல்களில் மனிதர்களும் ஏற்றப்பட்டனர். பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் படேவியாவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இன்று முட்புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டமோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே பெயரும் ஆண்டும் குலச்சின்னமும் பொறித்த கற்கள். நெய்தவருக்கும் படகோட்டியவருக்கும் விற்கப்பட்டவருக்கும் அப்படி ஒரு கல்லும் இல்லை.

அவர்கள் உழைப்பின் சுவடு வேறிடத்தில் இருக்கிறது. மலாய் மொழியில் கட்டம்போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பழவேற்காட்டின் ஐரோப்பிய வழக்கான 'புலிகாட்' திரிந்த சொல் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்துத் தறிகள் நெய்த வண்ணக் கைக்குட்டைகளும் அதே பெயரால் விற்றன. துணி இங்கிருந்து போகாத காலத்திலும் பெயர் பிழைத்துக்கொண்டது.

ஊரில் எஞ்சியது ஏரித்தொழில். இன்ன இடத்தில் இன்னார் வலை விடுவது என முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் ஏற்பாடு மீனவரிடையே இன்றும் பேசப்படுகிறது. அதற்குக் கல்வெட்டுச் சான்று தேடவேண்டியதில்லை; ஊரார் நினைவே ஆவணம். பழவேற்காட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்லறை வாசலோடு நின்றுவிடாமல், அந்த நினைவையும் இந்தத் துணிப்பெயரையும் பின்தொடர வேண்டும்.