கண் பரிசோதனை என்று சொல்லி ஆட்டிப் பார்த்த கதை

மேல் மாடிகளில் குடியிருப்பவர்களே, இந்தக் கட்டுரை முக்கியமாக உங்களுக்குத்தான். காற்று பலமாக வீசும் இரவில் தொங்கும் விளக்கு லேசாக ஆடினால், "எனக்குத்தான் தலை சுற்றுகிறதா?" என்று யோசித்திருப்பீர்கள். 1965-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், யூஜீன் என்ற ஊரில் சிலர் இதே கேள்வியோடுதான் ஓர் அறையை விட்டு வெளியே வந்தார்கள்.

இலவசக் கண் பரிசோதனை என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் அவர்கள். சுவரில் காட்டிய முக்கோணங்களின் உயரத்தை ஊகித்துச் சொல்லச் சொன்னார்கள். நடந்தது வேறு. அந்த அறையே சக்கரங்களின் மேல் நின்றது. ஹைட்ராலிக் இயந்திரம் அதை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தது. எந்தக் கட்டத்தில் ஆட்டம் தெரிகிறது என்று குறித்துக்கொண்டார்கள். சோதனையை நடத்தியவர் பால் ஹாஃப்மன் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் கட்டப்படவிருந்த 110 மாடி உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரங்களுக்காக இதை ஏற்பாடு செய்தவர் லெஸ்லி ராபர்ட்சன் என்ற பொறியாளர்.

கட்டடம் விழாமல் நிற்குமா என்று கணக்குப் போட அவருக்குத் தெரியும். உள்ளே உட்கார்ந்து வேலை செய்பவர் எவ்வளவு ஆட்டத்தைத் தாங்குவார் என்பதற்குத்தான் கணக்கு இல்லை. கிடைத்த பதில் கவலை தருவதாக இருந்தது. பொறியாளர்கள் நினைத்ததைவிட மிகக் குறைந்த ஆட்டத்தையே மனிதர்கள் உணர்ந்துவிடுகிறார்கள். நம் உள்காதுக்கு எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்பது பெரிதல்ல, வேகம் எப்படி மாறுகிறது என்பதுதான் உறைக்கும். கண் எதிரே சுவர் அசையாமல் நிற்க, காது மட்டும் "நகர்கிறோம்" என்று சொன்னால் குமட்டல் வருகிறது. கப்பல் பயணத்தில் வருவதும் இதுதான்.

அதற்காக ஒவ்வொரு கோபுரத்திலும் சுமார் 10,000 டேம்பர்கள் பொருத்தினார்கள். இரும்புத் தகடுகளுக்கு இடையே ரப்பர் மாதிரியான ஒரு பொருளை ஒட்டியது. ஆட்டத்தின் சக்தியை அது வெப்பமாக மாற்றிவிடும். பலன் நல்லதுதான். ஆனாலும் சொல்லாமல் ஆட்களை ஆட்டிப் பார்த்ததை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பாஸ்டனில் 1976-இல் முடிந்த 60 மாடி ஜான் ஹான்காக் கோபுரத்தில் முறை தலைகீழ். கட்டிய பிறகுதான் மேல்மாடிக்காரர்களுக்குக் குமட்டல் என்று தெரிந்தது. 58-ஆம் மாடியில் தலா 300 டன் எடையுள்ள இரண்டு பாரங்களை எண்ணெய்ப் படலத்தின் மேல் வழுக்கும்படி வைத்தார்கள். கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது, ஸ்பிரிங்கில் கட்டிய அந்தப் பாரம் பின்தங்கி நின்று அதை எதிர்ப்பக்கம் இழுக்கும்.

தைபே 101 கோபுரத்தில் இதே வேலையைச் செய்யும் 660 டன் உருண்டையை மறைக்கவே இல்லை. கம்பிவடங்களில் தொங்கும் அதைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் மேலே ஏறுகிறார்கள். 2015 ஆகஸ்ட் புயலில் அது ஒரு மீட்டர் அளவுக்கு ஆடியது.