சுத்திக்கிட்டே இருந்த வட்டம்

2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடினப்போ எங்க வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். 1 ஜிபி ரேம். தம்பிக்கு அந்த வருசம் ஓ.எல். கம்பளை டவுனை ஒட்டி இருக்கிறதால சிக்னலுக்குப் பஞ்சமில்லை. ஆனா பாடம் போட்டிருந்த ஒரு தளத்தைத் தொட்டா வெள்ளைத் திரையும் நடுவுல சுத்துற வட்டமும்தான். அம்மா தேத்தண்ணி ஊத்திக் கொண்டுவந்து வச்சாலும் அது சுத்திக்கிட்டே இருக்கும். ஒருவழியா திறந்த பிறகு, சேர் அனுப்பின வொய்ஸைக் கேட்க வட்ஸ்அப் பக்கம் போய் வந்தா, மறுபடி முதல்லேருந்து லோட் ஆகும். "டேட்டா ஸ்லோ" என்று முடிவு கட்டி ரீலோட் போட்டுக்கொண்டே இருந்தோம்.

திணறியது டேட்டா இல்லை, போன் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ரேம் போதாவிட்டால் பிரவுசர் நாம் பார்க்காத பக்கத்தைத் தூக்கி எறிந்துவிடும். திரும்பி வந்தால் வேலை எல்லாம் புதிதாகத் தொடங்கும், டேட்டாவும் இன்னொரு தரம் போகலாம். அப்படி என்ன வேலை ஒரு பக்கத்துக்கு? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆரம்பத்தில் வெப் பக்கம் என்பது சோத்துப் பார்சல் மாதிரி. சமையல் எல்லாம் சேர்வரில் முடிந்துவிடும், நம்ம மெஷின் பிரித்துக் காட்டினால் போதும். 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட்கூட பக்கத்துக்குள் சின்னச் சின்ன வேலை செய்யத்தான் இருந்தது. 2004 ஏப்ரல் 1இல் ஜிமெயில் வந்தது. பக்கம் மாறாமலே உள்ளே எல்லாம் மாறியது. அடுத்த வருசம் அந்த முறைக்கு 'ஏஜாக்ஸ்' என்று பெயரும் வைத்தார்கள். அதோடு பார்சல் காலம் முடியத் தொடங்கியது. அரிசி, தேங்காய், அம்மி எல்லாத்தையும் அனுப்பி "நீங்களே ஆக்கிக்கங்க" என்கிற காலம் வந்தது. நல்ல கொம்பியூட்டர் வைத்திருந்தவர்களுக்கு அடுப்பு பெரிசு, பிரச்சினை இல்லை.

சின்ன அடுப்புக்காரர்களை நினைத்துச் செய்த ஒன்றும் இருந்தது: 2006இல் உலகமெங்கும் வந்த ஓபரா மினி. நாம் கேட்கும் பக்கத்தை அவர்களுடைய சேர்வரே திறந்து, ஜாவாஸ்கிரிப்டையும் அங்கேயே ஓட்டி, சுருக்கி நம்ம போனுக்கு அனுப்பும். நொக்கியா ஜாவா போனில்கூட ஓடியது. எங்க அண்ணன்மார் செட்டுக்கு இதில் ஒரு ரகசியம் தெரியும். போனில் தமிழ் எழுத்தே கிடையாது, எல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரியும். முகவரி இடத்தில் 'ஓபரா:கொன்பிக்' என்று அடித்து, கீழே போய் ஒரு தெரிவை 'யெஸ்' ஆக்கினால், அந்தச் சேர்வர் தமிழைப் படமாக மாற்றி அனுப்பும். எழுத்தே இல்லாத போனில் தமிழ் வாசித்தார்கள்! அந்தத் தந்திரம் ஒருத்தர் போனிலிருந்து ஒருத்தர் போனுக்குப் பரவியது. எனக்குத் தெரிந்து தமிழ் வாசகருக்கு வெப் செய்த மிகப் பெரிய உபகாரங்களில் அது ஒன்று.

பெரிய கம்பனிகளுக்கும் இந்தப் பாரம் தெரியாமல் இல்லை. 2007இல் ஐபோனுக்கு வெப் அப்பே போதும் என்றார் ஸ்டீவ் ஜொப்ஸ். ஒரு வருசத்தில் அப் ஸ்டோர் திறந்தது. எச்டிஎம்எல்5ஐ அளவுக்கு மீறி நம்பியது தங்கள் பெரிய பிழை என்று 2012இல் சக்கர்பேர்க் சொன்னார். 2015இல் பேஸ்புக் லைட் வந்தது. காசு இருந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். பாடத்துக்கும் படிவத்துக்கும் தளம் செய்கிறவர்களால் இரண்டு மூன்று வடிவம் செய்ய முடியாது. இதற்குள் பக்கங்களும் ஊதிவிட்டன. 2010 கடைசியில் நடுத்தரமான ஒரு பக்கம் அரை எம்பியைத் தாண்டவில்லை. 2022இல் போனுக்கு வரும் பக்கமே கிட்டத்தட்ட 2 எம்பி.

அதே 2022இல்தான் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. புதுப் போன் வாங்க இருந்தவர்கள் பழசுக்கே திரை மாற்றினார்கள். தளம் செய்கிறவர் கையில் இந்த வருசத்துப் போன், நம்ம கையில் ஆறு வருசத்துக்கு முந்தினது. சிக்னலுக்காகப் பாறை ஏறிய போஹிட்டியாவ பிள்ளைகளின் படம் 2021இல் உலகமெல்லாம் போனது. வட்டம் சுத்துறதை யார் படம் எடுப்பார்?

அந்த ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தது. எனக்கு அதில் பிடித்த விசயம், கோடை பிரிண்ட் எடுத்தே கொண்டுபோகலாம் என்பது. ஒரு தரம் பதிந்தால் போதும். ஸ்கேன் பண்ணுற வேலை ஷெட்காரர் போனுக்கு. மறுபடி பார்சல்! மாமா கொமினிகேசன் கடையில் பதிந்து, பிரிண்ட் எடுத்து, லெமினேட் பண்ணி ஆட்டோவில் தொங்கவிட்டார். அவருடைய பட்டன் போனுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. 2023 செப்டெம்பரில் அந்த முறை நின்றது. அட்டை இன்னும் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்குது.

தம்பியின் பரீட்சை 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. கடைசி மூன்று மாசம் அவன் அந்தத் தளத்தைத் திறக்கவே இல்லை. சேர் கையால் எழுதின நோட்ஸைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டார். அதைப் பார்த்து எழுதி வைத்துப் படித்தான்.