தரப்படுத்தல்: மொழிக்கொரு வெட்டுப்புள்ளி

தரப்படுத்தல் என்னும் சொல் தமிழகத்து வாசகருக்குத் தேயிலையையோ ஏலக்காயையோ நினைவூட்டக்கூடும். ஈழத்து வாசகருக்கு அது 1971.

இலங்கையில் பல்கலைக்கழகம் புகுவோர் உயர்தரத் தேர்வில் நான்கு பாடங்களுக்கு 400 புள்ளிகளுக்காகப் போட்டியிட்டனர். (மதிப்பெண்ணை அவர்கள் புள்ளி என்பர், அச்சொல்லையே கையாள்கிறேன்.) அறிவியல் கல்வியும் தாய்மொழிக்கு மாறியபின், சிங்கள விடைத்தாள்களை ஒரு சாராரும் தமிழ் விடைத்தாள்களை மற்றொரு சாராரும் திருத்தினர். ஐயம் அங்கேதான் நுழைந்தது. தமிழ்த் திருத்துநர் தம் இனத்துப் பிள்ளைகளுக்குப் புள்ளிகளை அள்ளி வழங்குகின்றனர் என்ற பேச்சு பரவிற்று.

1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு கண்ட தீர்வு மொழிக்கொரு வெட்டுப்புள்ளி. மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூலத்தாருக்கு 229, தமிழ் மொழிமூலத்தாருக்கு 250. பேராதனைப் பொறியியலுக்கு முறையே 227, 250. பின்தங்கியோரைக் கைதூக்கிவிடவே இவ்வேற்பாடு என்றனர். ஆனால் ஆய்வுக்கூடமே காணாத மன்னார்ப் பிள்ளைக்கும் 250தான். கொழும்பின் வசதிமிக்க பள்ளியில் சிங்களத்தில் பயின்றவருக்கு 229 போதும். இதைச் சமூகநீதி என்று என்னால் ஏற்க இயலவில்லை.

1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறுவகை. அதில் யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. கண்டிப் பகுதிச் சிங்களரோடு மட்டக்களப்பு, மன்னார்த் தமிழரும் பயன்பெற்றனர். இதையும் முந்தையதையும் ஒரே மூச்சில் சாடுவது வழக்கமாகிவிட்டது. அது சரியன்று. எனினும் யாழ்ப்பாணத்தாரின் வலி பொய்யன்று. மிஷன் பள்ளிகள் செழித்திருந்த அவ்வறண்ட நிலத்தில் படிப்பும் அதனால் கிட்டும் உத்தியோகமுமே பல குடும்பங்களுக்கு விளைநிலம். நேற்றுவரை தீவு முழுவதையும் போட்டியாளராகக் கொண்டிருந்த மாணவனுக்கு இப்போது பக்கத்து மேசைக்காரனே எதிராளி. அறிவியல்சார் துறைகளில் 1970இல் ஏறத்தாழ 35 விழுக்காடாக இருந்த தமிழர் பங்கு 1975இல் 19 ஆயிற்று.

1970இலேயே தமிழ் மாணவர் பேரவை தோன்றிவிட்டது. பின்னாளில் ஆயுதம் ஏந்திய இளைஞருள் சிலர் அதன் ஊர்வலங்களில் நடந்தவர்கள்.

மொழிவழித் தரப்படுத்தல் 1977இல் வந்த ஆட்சியில் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு விழுக்காடுகள் மாறி இன்றும் நீடிக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டு, 1978இல் மருத்துவ பீடமும் தொடங்கிற்று. அதன் இடங்களும் அவ்வொதுக்கீட்டின்படியே நிரப்பப்படுகின்றன.