ஊவாத் தோட்டங்களில் எரிபொருட் சேமிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

காப்பிக்கு வெயில் போதும். தேயிலைக்கு நெருப்பு வேண்டும். ஊவாவின் பொருளாதார வரலாற்றை நோக்குவோர் இவ்வேறுபாட்டை எளிதிற் கடந்துவிடுகின்றனர். காப்பி விதை களத்திற் காய்ந்தது. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட காப்பியிலை நோய் அப்பயிரை அழிக்க, அதனிடத்தைப் பிடித்த தேயிலையோ வாட்டுதற்கும் உலர்த்துதற்கும் இடையறாத வெப்பத்தை வேண்டி நின்றது. எனவே தேயிலைத் தொழிற்சாலை தோன்றிய நாள் முதலாக, எரிபொருளை எங்கிருந்து கொணர்வது, கொணர்ந்ததை எங்கே வைப்பது என்னும் இரு வினாக்களும் தோட்டத்தின் வினாக்களாயின. முன்னையது போக்குவரத்துப் பற்றியது. பின்னையது சேமிப்புப் பற்றியது. பின்னையதே இங்கு ஆராயப்படுவது.

தொடக்கத்தில் விடை அருகிலேயே இருந்தது. தோட்டத்திற்கென வெட்டப்பட்ட காடே அடுப்புக்கு விறகாயிற்று. ஊவா 1886இல் தனி மாகாணமாக்கப்பட்டபோது புகையிரதம் நானுஓயாவோடு நின்றிருந்தது. 1894இல் அது பண்டாரவளையை அடைந்தது. பதுளையை அடைந்ததோ 1924இல்தான். அதுவரை பதுளைப் பகுதித் தோட்டங்களுக்கு வேண்டிய பாரமான பொருள் யாவும் இறுதிக் கட்டத்தில் மாட்டுவண்டியையும் மனிதத் தோளையுமே நம்பியிருந்தன. மண்ணெண்ணெய் நான்கு கலன் தகரங்களில் வந்தது. எண்ணெய் தீர்ந்த தகரம் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும் பாத்திரமாயிற்று. தோட்ட மக்களின் வாழ்வில் எண்ணெயைவிட அதன் தகரமே நெடுங்காலம் நிலைத்தது என்று கூறினும் தவறில்லை.

புகையிரதப் பாதை இந்நிலையை மாற்றியது. ஆயினும் பட்டிப்பொல அருகே 1,898 மீற்றர் உயரத்தைக் கடந்து, பின் சுமார் 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளைக்கு இறங்கும் பாதை அது. இத்தகைய பாதையில் ஏறிவரும் எண்ணெயை வழியிலேயே பெருமளவிற் சேமித்து, அங்கிருந்து கொள்கலவண்டிகளிற் பகிர்வதே முறையாயிற்று. அப்புத்தளையில் அமைந்த மொத்தக் களஞ்சியம் இவ்வகையினது. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய கம்பனிகளின் சொத்துக்களில் ஒரு பகுதி 1962இல் அரசுடைமையாயிற்று. இதன் பொருட்டு ஐக்கிய அமெரிக்கா 1963இல் உதவியை நிறுத்தியமை யாவரும் அறிந்தது. அப்பிணக்கிற் பேசப்பட்ட சொத்துக்களிற் பெரும்பகுதி தொட்டிகளும் விநியோக நிலையங்களுமே என்பது நினைவுகூரத்தக்கது. எண்ணெய்க் கிணறு இல்லாத நாட்டில் தொட்டியை உடையவனே எண்ணெயை உடையவன்.

இரும்புத் தொட்டிக்கு மாற்றாக மற்றொரு வழி இதே காலப்பகுதியில் உலகில் உருவாகியது. 1956ஆம் ஆண்டின் சுயெஸ் நெருக்கடியின் பின்னர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொறியியலாளர் வில்லியம் ஹோதோர்னும் அவர்தம் துணைவரும் நைலோன் துணியாலும் செயற்கை றப்பராலும் ஆகிய நீண்ட பையொன்றை வகுத்தனர். எண்ணெய் நிரப்பப்பட்ட அப்பை கடலில் மிதந்தது. படகு அதனை இழுத்துச் சென்றது. வெறுமையானபின் சுருட்டி வைக்கப்பட்டது. இதே தத்துவத்திற் றரையிற் கிடத்தும் தலையணை வடிவான நெகிழ்தொட்டிகளைப் படைகளும் சுரங்கத் தொழிலாளரும் நிவாரண அமைப்புகளும் பயன்படுத்துகின்றன. பத்தாயிரம் லீற்றர் டீசலை 200 லீற்றர்ப் பீப்பாய்களில் வைப்பதாயின் ஐம்பது பீப்பாய்கள் தேவை. அவற்றின் வெற்றெடை மட்டும் ஏறத்தாழ ஒரு தொன். அதே அளவு கொள்ளும் நெகிழ்தொட்டியைச் சில ஆட்கள் தூக்கி லொறியில் ஏற்றிவிடலாம். எண்ணெய் குறையக் குறையப் பையும் தாழ்வதால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. ஆவியாகி வீணாவதும் குறைவு.

இவ்வளவு நன்மையும் உடைய பொருள் மலைநாட்டுக்கு ஏற்றதெனத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. நெகிழ்தொட்டி மட்டமான நிலத்தை வேண்டுவது. சரிவிற் கிடத்தினால் உள்ளிருக்கும் திரவம் தாழ்ந்த பக்கத்திற்றிரண்டு பொருத்துவாய்களை இழுக்கும். ஊவாத் தோட்டங்களில் மட்டமான நிலமாவது தொழிற்சாலை முற்றமும் லயன்களுக்காக வெட்டப்பட்ட திட்டுக்களுமே. கசிவைத் தடுக்கச் சுற்றுவரம்பும் வேண்டும். மேட்டிற் கசியும் எண்ணெய் தாழ்விலுள்ள பீலியைச் சென்றடையும். அப்பீலியிற் குடிப்போர் தொழிலாளர். தொட்டியின் விலையைக் கணக்கிடுவோர் பீலியின் விலையையும் கணக்கிடல் வேண்டும். எனினும் பாதை துண்டிக்கப்படும் வேளையில், சில வாரங்களுக்கு மட்டும் விரித்து வைக்கும் கொள்கலம் என்ற வகையில் இதற்கு இடமுண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களைப் புதைத்த மண்சரிவு, பாரமான நிலைக்கட்டடங்களை இம்மலைச்சரிவுகள் எவ்வளவிற்குத் தாங்கும் என்பதை உணர்த்தியது.

தொழிற்சாலைகளோ வேறொரு விடையைத் தேர்ந்தன. 1973இன் எண்ணெய் விலையேற்றத்தின் பின்னர்ப் பல தொழிற்சாலைகள் எண்ணெய் அடுப்பைக் கைவிட்டு மீண்டும் விறகை நாடின. யூக்கலிப்டஸ் மரங்கள் இதற்கென நடப்பட்டன. நின்று வளரும் மரம் தானே ஒரு களஞ்சியம். அதற்கு இரும்பும் வேண்டா, றப்பரும் வேண்டா. ஆயின் அது நிலத்தை உண்ணும். வெட்டியபின் காய்வதற்கு மாதங்களையும் கூரையையும் கேட்கும்.

லயன் அறையின் எரிபொருட் களஞ்சியம் ஒரு போத்தல். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை மிகப் பல லயன்களுக்கு மின்சாரம் எட்டவில்லை. மூடியில் துளையிட்டுத் திரி செருகிய குப்பி விளக்கே பிள்ளைகளின் படிப்புக்கு வெளிச்சம். உயரமான போத்தல் எளிதிற் கவிழும். கவிழ்ந்தால் எண்ணெய் பரவித் தீ பற்றும். இத்தகைய தீக்காயங்களுக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையாகவும் தட்டையான பக்கங்களோடும் திருகுமூடியோடும் கூடிய பாதுகாப்பான கண்ணாடி விளக்கொன்றை வகுத்தார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எண்ணெய்க் கொள்கலம் பற்றிய ஆராய்ச்சிகளில் இலங்கையருக்கு அதிகம் பயன்பட்டது இச்சிறு விளக்கே எனல் மிகையன்று.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அப்புத்தளைக் களஞ்சியத்திற்கும் குப்பிக்கும் இடையிலான தொலைவு மீண்டும் வெளிப்பட்டது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. விளக்குக்கு எண்ணெய் தேடியோர் மண்ணெண்ணெய் வரிசைகளில் நின்றனர். அவ்வாண்டு ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளரின் ஒருநாள் சம்பளம் 1,000 ரூபா.