எல்லை கடந்த நகராட்சிகளும் தென்னாப்பிரிக்க அரசியலமைப்புத் திருத்தங்களும்

தென்னாப்பிரிக்காவின் ஒன்பது மாகாணங்கள் 1993ஆம் ஆண்டின் இடைக்கால அரசியலமைப்பின்கீழ் விரைந்து வரையப்பட்டவை. மக்கள் வேலைக்கும் சந்தைக்கும் சென்றுவந்த வழிகளோடு அவ்வெல்லைகள் பல இடங்களில் பொருந்தவில்லை. இக்குறையைப் போக்க 1998ஆம் ஆண்டின் மூன்றாம் திருத்தம், தொடர்புடைய மாகாண அரசுகள் இசைந்தால், நகராட்சி எல்லை மாகாண எல்லையைக் கடக்கலாம் என்றது. ஆயினும் ஒரே நகராட்சியில் இரு மாகாணங்களின் சட்டங்களும் நிருவாகமும் செயற்பட்டமை இடர்ப்பாடாயிற்று. எனவே 2005இல் நிறைவேறிய பன்னிரண்டாம் திருத்தம் அவ்விதியை நீக்கி, மாகாண எல்லைகளையே நகராட்சி எல்லைகளுக்கேற்ப மாற்றியது. நகராட்சிக்காக மாகாணம் அசைந்தது என்பதே இதன் புதுமை.

இம்மாற்றத்தால் மட்டாட்டியேலே குவாசூலு-நட்டாலிலிருந்து கிழக்குக் கேப்பிற்கும், உம்சிம்குலு எதிர்த்திசையிலும் சென்றன. மட்டாட்டியேலே நகராட்சி தொடுத்த வழக்கில், 2006 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் இம்மாற்றத்தைச் செல்லாதென்றது. மாகாண எல்லையைத் தொடும் திருத்தத்திற்கு அம்மாகாணச் சட்டமன்றத்தின் ஒப்புதல் தேவை. அவ்வொப்புதலை வழங்குமுன் மக்களை ஈடுபடுத்துவது சட்டமன்றத்தின் கடமை. கிழக்குக் கேப் சட்டமன்றம் பொதுக் கருத்துக்கேட்பு நடத்தியது, குவாசூலு-நட்டால் நடத்தவில்லை. நீதிபதி ந்கோபோ எழுதிய இத்தீர்ப்பு, குறையைச் சரிசெய்ய 18 மாத அவகாசமும் அளித்தது. மக்களைக் கேட்ட பின்னரும் முடிவு மாறவில்லை: 2007இன் பதின்மூன்றாம் திருத்தம் மட்டாட்டியேலேயை மீண்டும் கிழக்குக் கேப்பிலேயே வைத்தது. அதை எதிர்த்த வழக்கும் 2010இல் தள்ளுபடியாயிற்று.

மெராஃபோங்கின் கதை நேர்மாறானது. தங்கச் சுரங்கப் பகுதியான இந்நகராட்சி முழுவதும் வடமேற்கு மாகாணத்திற்குச் சென்றதை குட்சோங் மக்கள் ஏற்கவில்லை, கிளர்ச்சி வெடித்தது, 2006 உள்ளாட்சித் தேர்தலைப் பெரும்பான்மையோர் புறக்கணித்தனர். ஹௌடெங் சட்டமன்றக் குழு முதலில் அவர்கள் பக்கம் நின்று, பின்னர் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டிருந்தது. 2008இல் நீதிமன்றத்தின் பெரும்பான்மை, கேட்கும் கடமை கேட்டபடி நடக்கும் கடமையாகாது எனக் கருதி வழக்கைத் தள்ளியது. மாற்றுத் தீர்ப்புகளும் எழுந்தன. குழு மாற்றிய நிலைப்பாட்டை மக்களுக்கு மீண்டும் விளக்கியிருக்க வேண்டுமா என்பதே உண்மையான சிக்கல். பெரும்பான்மையின் விடை அதில் முழு நிறைவு தருவதாகத் தோன்றவில்லை.

வழக்கில் தோற்ற மெராஃபோங், 2009இன் பதினாறாம் திருத்தத்தால் ஹௌடெங்குடன் மீண்டும் இணைந்தது. வழக்கில் வென்ற மட்டாட்டியேலே கிழக்குக் கேப்பிலேயே இருக்கிறது.